நடக்கச் சொல்லும் சாப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது?

கையில் வாட்ச் போலக் கட்டிக் கொள்ளும் ஃபிட்னஸ் பேண்டைப் பார்த்திருப்பீர்கள். "இன்னும் 2,000 அடி நடங்கள்" என்று அதோடு இணைந்த சாப்ட்வேர் அறிவுரை சொல்லும். இது எப்படி முடிகிறது? இப்படி ஒரு சாப்ட்வேரை எழுதிப் பார்த்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பேண்டுக்குள் இரண்டு முக்கிய சென்சார்கள் உண்டு. முதலாவது ஆக்சிலரோமீட்டர். இது கை அசைவை மூன்று திசைகளில் அளக்கும். சீராகத் திரும்பத் திரும்ப வரும் அசைவைச் சாப்ட்வேர் அடிகளாக எண்ணிக் கொள்ளும். அதனால் சப்பாத்தி மாவு பிசைந்தாலும் சில அடிகள் கூடலாம்! இரண்டாவது, பேண்டின் அடியில் பச்சையாக மின்னும் எல்.இ.டி.யும் ஒளி சென்சாரும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கு அடியில் ரத்த அளவு மாறுவதால், திரும்பி வரும் ஒளியும் மாறும். அதை வைத்து நாடித்துடிப்பு கணக்கிடப்படுகிறது.

இனி அறிவுரைக்கு வருவோம். தினமும் 10,000 அடி என்ற இலக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற கருவியின் பெயரிலிருந்து. அதற்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள். 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயதான பெண்களின் மரண அபாயம் சுமார் 7,500 அடி வரை குறைந்து, அதற்கு மேல் அப்படியே நின்றது.

நானும் முதலில் 10,000 என்றே எழுதி, அப்பாவின் கையில் கட்டிவிட்டேன். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். மாலையில் "இன்னும் 2,000 அடி" என்று பேண்ட் அதிர்ந்தது. பிள்ளை எழுதிய ப்ரோகிராம் சொல்கிறதே என்று எழுந்து நடந்தவர், தலை சுற்றி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பதிவான விவரங்களைத் திறந்து பார்த்தேன். ஓய்வு நேரத் துடிப்பு வழக்கமாக 68. அன்று காலையிலிருந்தே 84. தகவல் கைவசம் இருந்தது. அதைக் கவனிக்கும் வரியை நான்தான் எழுதவில்லை.

பிறகு மூன்று விதிகளைச் சேர்த்தேன்.

1. ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட 10 கூடினால் நடக்கச் சொல்லக் கூடாது. "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

2. துடிப்பே பதிவாகவில்லை என்றால், பேண்டைக் கழற்றி வைத்திருக்கலாம். நடக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

3. இலக்கை அவரவரின் சென்ற வாரச் சராசரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும்.

நீங்கள் பேண்ட் வாங்கினால், முதல் வேலையாக செட்டிங்ஸில் இலக்கை உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். உடம்பு முடியாத நாளில் நினைவூட்டலை நிறுத்திவிடுங்கள். பேண்டுக்குத் தெரிவது அசைவும் துடிப்பும் மட்டுமே. உங்கள் உடம்பு உங்களுக்குத்தான் தெரியும்.