பழி எப்போதும் கத்திரிக்காய்க்கு

தோலில் எது வந்தாலும் எங்கள் வீட்டில் முதல் பழி கத்திரிக்காய்க்குத்தான். அடுத்து கருவாடு, அதற்கடுத்து நண்டும் இறாலும். அசைவம் தொடாத புரட்டாசியில் வந்து தொலைத்தால் தக்காளி. என் மேலிமைகள் சிவந்து, தடித்து, அரித்து, செதில் செதிலாக உரியத் தொடங்கியபோதும் இதே வரிசையில்தான் விசாரணை நடந்தது. உதட்டோரம் வெடித்ததற்கு ‘உடம்பு சூடு’ என்று தனியாக ஒரு தீர்ப்பு. ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் தட்டில் ரசம் சாதமும் மோர் சாதமும்தான் மிஞ்சின. இமை தன் பாட்டுக்குச் சிவந்துகொண்டே இருந்தது.

நான் சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நாள் முழுக்கப் பிள்ளைகள் முன்னால் முகத்தைக் காட்டி நிற்கிற வேலை. “மெட்ராஸ் ஐயா மிஸ்?” என்று முதல் பெஞ்சு பின்னால் நகரும். ஆசிரியர் அறையில், “வீட்டுல ஏதாவது பிரச்சினையா டீச்சர்? அழுத மாதிரி இருக்கீங்களே” என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். மாமியார் திருஷ்டி என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். புண்ணாகிக் கிடக்கிற இமைக்கு மிளகாய்ப் புகையைவிடப் பொருத்தமான வைத்தியம் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

தோல் மருத்துவரிடம் போனபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “கையை நீட்டுங்க, நகத்தைப் பார்க்கணும்” என்றார். இமையைக் காட்ட வந்தவளிடம் நகத்தைக் கேட்கிறாரே என்று இருந்தது. காரணத்தை அவரே சொன்னார். பல நகப்பூச்சுகளில் டோசிலமைடு ஃபார்மால்டிஹைடு என்றொரு பிசின் சேர்ப்பார்கள். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு விரலில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. விரல் தோல் தடிப்பானது. ஆனால் அதே விரலால் கண்ணைக் கசக்குவோம், கன்னத்தில் கை வைத்து யோசிப்போம், உதட்டைத் தொடுவோம். உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது, சுமார் அரை மில்லிமீட்டர். கை கொண்டுபோய்ச் சேர்த்த துளி அங்கே உள்ளே இறங்கிவிடும். தலைச்சாயம், ஷாம்பு, ரூம் ஸ்ப்ரே, அறையில் மிதக்கிற தூசி என்று எல்லாவற்றுக்கும் இமைதான் முதலில் வாய் திறக்கும்.

எனக்கு நகப்பூச்சுப் பழக்கம் கிடையாது. அடுத்த கேள்வி இன்னும் வினோதம். “வீட்டுக்காரர் தலைக்கு என்ன போடுறார்? ஷேவ் பண்ணிட்டு என்ன தடவுறார்?” கணவர் பூசுவது தலையணை உறை வழியாக மனைவியின் இமைக்கு வருவதுண்டாம். மனைவி பூசுவது கைக்குழந்தையின் கன்னத்தில் தெரிவதும் உண்டாம்.

இப்படி வருவதைத் தொடு ஒவ்வாமை என்கிறார்கள். இதில் நடப்பது நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்தும் வேதிவினைக்கு அதிகத் தூரமில்லை. மிகச் சிறிய மூலக்கூறு ஒன்று தோலுக்குள் நுழைந்து அங்குள்ள புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. புரதத்தின் உருவம் மாறிவிடுவதால் உடம்பின் காவல் அணுக்கள் அதை அந்நியன் என்று குறித்து வைத்துக்கொள்கின்றன. முதல் தடவை ஒன்றும் தெரியாது. குறித்து வைப்பதோடு சரி. அடுத்த முறை அதே பொருள் பட்டால் டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. திரள்வதற்கு ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். செவ்வாய்க்கிழமை தொட்டதற்கு வியாழக்கிழமை இமை சிவக்கும்.

நம் துப்பறிதல் எல்லாம் பொய்த்துப்போவது இந்த இடத்தில்தான். ‘நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்கிறோம். ‘முந்தாநாள் எதைத் தொட்டாய்?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘பத்து வருஷமா இதே சோப்புதானே போடுகிறேன், திடீரென்று எப்படி ஒத்துக்காமல் போகும்?’ என்பது இன்னொரு வழக்கமான வாதம். பத்து வருடம் பழகிய பொருளுக்கும் ஒருநாள் உடம்பு எதிரியாகலாம். சில வேளை பலமுறை பட்ட பிறகுதான் அந்தக் குறிப்பே எழுதப்படுகிறது. ஆகவே புதிதாக வாங்கிய பொருளை மட்டும் சந்தேகப்படுவதில் நியாயமில்லை.

சாப்பாட்டால் உதடும் இமையும் வீங்குவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது வேறு வகை. நிலக்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் உதடு புசுபுசுவென்று வீங்கும், உடம்பில் தடிப்புகள் எழும், ஒரு நாளுக்குள் சுவடில்லாமல் வடிந்துவிடும். செதில் உரியாது. அந்த வீக்கத்தோடு நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியம், யோசனை எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி.

மூன்றாவது வகையும் ஒன்று இருக்கிறது. என் சித்தப்பாவுக்கு அவ்வப்போது காலையில் எழுந்தால் மேலுதடு வீங்கியிருக்கும். அரிப்பில்லை, தடிப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்டுதான் காரணம் என்று சித்தி முடிவுகட்டியிருந்தார். காரணம் அவர் ரத்த அழுத்தத்துக்காகப் போட்டுவந்த ராமிப்ரில். எனலாப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’லில் முடிகிற இந்தக் குடும்ப மாத்திரைகள் சிலருக்கு இப்படிச் செய்யும், ஆரம்பித்த வாரத்திலும் வரலாம், வருடக்கணக்காகப் போட்ட பிறகும் வரலாம். அலர்ஜி மாத்திரைக்கு அது கட்டுப்படாது, தொண்டை வரை போனால் ஆபத்து. மருத்துவர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். சித்தப்பா மறுபடி நண்டு சாப்பிடுகிறார். வலி மாத்திரை போடும் போதெல்லாம் உதட்டில் அதே இடத்தில் புண் வந்து கருப்புத் தழும்பு விட்டுப்போகிறது என்றால் அதுவும் மருந்தின் வேலைதான். அந்த மாத்திரையின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சேலத்துக்காரியாக இருந்துகொண்டு மாம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மே மாதத்தில் பிள்ளைகள் பலருக்கு வாயைச் சுற்றிச் சிவந்து பொரிந்திருக்கும். காம்பிலிருந்து வடியும் பால் பட்ட இடத்தை உடனே பொசுக்கும், அது ஒன்று. இன்னொன்று மெதுவானது. மாந்தோலில் உள்ள ரெசார்சினால் வகைப் பொருள்கள், சேராங்கொட்டையிலும் முந்திரிக்கொட்டையின் ஓட்டிலும் இருக்கிற எண்ணெய்களுக்கு உறவு. மூன்றும் தாவரவியலில் ஒரே குடும்பம். வண்ணார் துணியில் குறி போடப் பயன்படுத்திய அதே சேராங்கொட்டைதான். அது பட்டுத் தோல் வெந்தவர்களைப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். பழத்தைத் தோலோடு கடித்து ஈம்புகிறவர்களுக்கு ஓரிரு நாள் கழித்து உதடு வெடிக்கிறது. ‘மாம்பழம் சூடு’ என்கிறோம். இவர்களில் பலருக்குச் சதை ஒன்றும் செய்வதில்லை; வேறொருவர் தோல் சீவி, நறுக்கிக் கொடுத்தால் சாப்பிடலாம். என் பாட்டி காம்பை வெட்டிக் கவிழ்த்துப் பால் வடியவிட்டு, தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் பழத்தைக் கையில் கொடுப்பார். வேதியியல் படிக்காதவர். நான் படித்த வேதியியல் அவர் செய்ததைத் திருத்த இடம் தரவில்லை.

என் உதடு மாம்பழம் இல்லாத கார்த்திகையிலும் வெடித்தது. அதனால் பேட்ச் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார் மருத்துவர். 1895-இல் யோசஃப் யாடாசோன் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் வகுத்த முறை அது. இன்றும் அடிப்படை மாறவில்லை. சந்தேகத்துக்குரிய பொருள்களை, பெரும்பாலும் வாசலினில் குழைத்து, சிறு கிண்ணங்களில் வைத்து மேல்முதுகில் வரிசையாக ஒட்டிவிடுகிறார்கள். நம் நாட்டுக்கென்று வகுத்த வரிசையில் நிக்கல், தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி, சிமெண்டில் உள்ள குரோமியம், கண் களிம்புகளில் சேரும் நியோமைசின், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றோடு, தரிசிலெல்லாம் மண்டிக் கிடக்கிற பார்த்தீனியமும் உண்டு. அந்தச் செடியின் தூள் காற்றில் வந்தே இமையையும் கழுத்தையும் புண்ணாக்கக்கூடியது.

திங்கள் ஒட்டினால் புதன் பிரிப்பார்கள். புதன் ஒரு முறை, வெள்ளி ஒரு முறை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. சேலத்தில் வியர்க்காமல் இருப்பதென்றால் மார்கழிதான் தோது. அதுவரை காத்திருந்து போனேன். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிவு பொய்யாகக்கூடும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதற்கும் ரத்தம் எடுத்து முந்நூறு பொருள்களுக்குப் பட்டியல் அடித்துத் தரும் சோதனைக்கும் சம்பந்தமில்லை. அந்த ரத்தப் பரிசோதனை மெதுவான வகை ஒவ்வாமையைக் காட்டவே காட்டாது. அதை நம்பிப் பாலையும் கோதுமையையும் விட்டவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமை என் முதுகில் சிவந்து தடித்திருந்தது ஒரே ஓர் இடம்: வாசனைக் கலவை. எட்டு வாசனைப் பொருள்கள் அதில் இருக்கின்றன. கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால் இரண்டும் அதில் அடக்கம். என் பற்பசை டப்பாவில் பெருமையாகக் கிராம்புப் படம் போட்டிருந்தது. “அப்ப பிரியாணி?” என்று கேட்டேன். “முதல்ல பற்பசையை மாத்துங்கம்மா, பிரியாணியை அப்புறம் பார்க்கலாம்” என்றார். மாற்றினேன். சில வாரங்களில் உதட்டோரம் மூடிக்கொண்டது. பிரியாணி வரை போக வேண்டிய அவசியம் வரவில்லை.

இமையின் கதை அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. வாசனை எதில்தான் இல்லை? பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கிற திரவம், துணியில் ஊற்றுவது, ஊதுபத்தி, ஆட்டோவில் தொங்குகிற அட்டை. இதில் இன்னொரு சங்கதி உண்டு. எலுமிச்சைத் தோலின் லிமோனீன், லாவெண்டரின் லினலூல் இரண்டும் புதிதாக இருக்கையில் பெரும்பாலும் சாது. காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் உருவாகும் பொருள்கள்தான் வம்பு செய்கின்றன. வாங்கியபோது ஒத்துக்கொண்ட பாட்டில் அடியில் கொஞ்சம் மிஞ்சும்போது ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இது ஒரு காரணம். ‘இயற்கை’, ‘மூலிகை’ என்று எழுதியிருப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. யூஜினாலும் இயற்கைதான். கஸ்தூரி மஞ்சளும் சிலருக்கு ஆகாது.

இப்போது என் வழக்கம் இதுதான்: வாசனையில்லாத சோப்பு, கண்ணைத் தொடுமுன் கை கழுவுவது, இமைக்கும் உதட்டுக்கும் மணமில்லாத வெறும் வாசலின். பேட்ச் டெஸ்டில் மற்ற பொருள்களைக் குழைக்கவே அதைத்தான் எடுக்கிறார்கள் என்றால், தோலோடு எவ்வளவு குறைவாகச் சண்டை போடுகிற பொருள் அது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கிரீம் எதுவானாலும் முழங்கையின் உள்மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரத்துக்கு மேல் தடவிப் பார்த்தபின்தான் முகத்துக்கு. குறிப்பேட்டில் சாப்பாட்டுக் கணக்கை நிறுத்திவிட்டேன். இமை சிவந்த நாளிலிருந்து மூன்று நாள் பின்னால் போய்க் கை எதில் பட்டது என்று மட்டும் எழுதுகிறேன். இத்தனைக்கும் பிறகு வருடத்தில் சில தடவை ஏன் என்றே தெரியாமல் இமை சிவக்கிறது. மருத்துவருக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் அதற்காகப் பட்டினி கிடப்பதில்லை, கல்யாண வீட்டுக்குப் போகாமலும் இருப்பதில்லை.

மருந்துக் கடையில் நீட்டுகிற டியூபைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு என்று எல்லாம் கலந்த களிம்பு. பூசிய மறுநாளே சிவப்பு போய்விடும், அதனால்தான் அதற்கு இத்தனை பெயர். நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும். இமையில் தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலியும். கண் அழுத்தம் கூடலாம், புரை விழலாம். 2018-இல் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு ஆணையிட்டது. எங்கள் தெருவில் இன்றும் சீட்டு கேட்பதில்லை. இமைக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாள்களுக்கு மட்டும், அல்லது ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். பின்னது முதல் சில நாள்கள் எரியும், பயந்து நிறுத்திவிட வேண்டியதில்லை.

பேட்ச் டெஸ்ட் எல்லா ஊரிலும் செய்வதில்லை. அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் விசாரியுங்கள். போகும்போது முகத்துக்கும் தலைக்கும் பல்லுக்கும் கைக்கும் நீங்கள் பயன்படுத்துகிற அத்தனையையும், உங்கள் வீட்டுக்காரர் பூசுவதையும், தினசரி மாத்திரைகளையும், உள்ளடக்கம் அச்சிட்ட அட்டைப் பெட்டியோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கத்திரிக்காயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.