சளி ஜுரத்தில் வெள்ளை அணுக்கள் சொல்லும் சேதி!

ஜுரம், இருமல் என்று ரத்தப் பரிசோதனை செய்கிறீர்கள். ரிப்போர்ட் வந்ததும் 'மொத்த வெள்ளை அணுக்கள்' என்ற வரியைப் பார்க்கிறீர்கள். 4,000-க்கும் 11,000-க்கும் நடுவில் இருந்தால், "ஒண்ணுமில்லை, நார்மல்தான்" என்று மடித்து வைத்து விடுகிறீர்கள். அடுத்த வரிகளில்தான் விஷயமே இருக்கிறது!

வெள்ளை அணுக்களில் இரண்டு வகையை மட்டும் தெரிந்து கொள்ளுங்கள். கிருமி நுழைந்ததும் முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில்கள். பெரியவர்களுக்கு இவை நூற்றுக்கு 40 முதல் 70 வரை இருக்கும். லிம்போசைட்டுகள் 20 முதல் 40 வரை. வைரஸை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிப்பதும், வைரஸ் புகுந்த செல்களை அழிப்பதும் இவைதான்.

சாதாரண ஃப்ளூவில்கூட லிம்போசைட் இரண்டொரு நாள் குறையும். உடம்பு தேறும்போது தானே ஏறிவிடும். ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால்தான் ஆபத்து. 2020-ல் கொரோனா பரவியபோது நோய் முற்றியவர்களிடம் மருத்துவர்கள் கண்டது இதைத்தான். லிம்போசைட் சரிந்திருந்தது; நியூட்ரோஃபில் எகிறியிருந்தது.

நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்துப் பாருங்கள். 60-ம் 30-ம் என்றால் விடை 2. நல்லது. 84-ம் 8-ம் என்றால் விடை 10-ஐத் தாண்டுகிறது. உடனே டாக்டரைப் பாருங்கள். ஆனால் இந்தக் கணக்கைச் சின்னக் குழந்தைகளுக்குப் போடாதீர்கள். அவர்களுக்கு இயல்பாகவே லிம்போசைட் அதிகம். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் கணக்கு மாறும்.

"எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதுதானே?" என்பீர்கள். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்பதுதான் சித்த மருத்துவத்தின் அடிப்படை. திருடனைப் பிடிக்க வந்த கூட்டம் வீட்டுச் சாமான்களையே உடைத்தால் எப்படி? அப்படித்தான் வரம்பு மீறிய எதிர்ப்பு நுரையீரலையே புண்ணாக்கி, காற்றறைகளில் நீர் கோக்க வைக்கிறது.

இதை அடக்கத்தான் ஸ்டீராய்டு. 2020-ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளிடையே டெக்ஸாமெத்தசோன் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலனே இல்லை! படையே தேவைப்படும் நேரத்தில் படையைக் கட்டிப் போடலாமா? 2021 இரண்டாம் அலையில், சர்க்கரை வியாதியோடு ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களைக் கரும்பூஞ்சை பாடாய்ப்படுத்தியது. ஆகவே, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதை விட்டுவிடுங்கள்.

கபசுரக் குடிநீருக்கும் இதே எச்சரிக்கைதான். நோயாளிகளுக்கு நானும் கொடுப்பவன்தான். ஆனால் மூச்சு வாங்கும்போது, "இன்னும் ரெண்டு வேளை கஷாயம் குடிச்சுப் பார்க்கலாம்" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்போது தேவை ஆக்சிஜன்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* கொரோனா மாதிரியான தொற்றில், தேறுவதுபோல் தெரிந்துவிட்டு இரண்டாவது வாரத்தில் நோய் திரும்பிப் பாயலாம். விட்ட ஜுரம் மறுபடி வந்தால் அலட்சியம் வேண்டாம்.

* விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலும், நாலடி நடந்தாலே மூச்சிரைத்தாலும், பேச்சு குழறினாலும், தூங்கி வழிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

* முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

* ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக வைத்திருங்கள். ஓர் எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் டாக்டருக்கு முக்கியம்.