இருப்பிடத்தை யாரிடம், எவ்வளவு நேரம் சொல்வது?

குளுவாங் நகரிலிருந்து தோட்டத்துக்குத் திரும்ப கிரேப் வண்டியை அழைத்தால், நாம் நிற்கும் இடத்தை ஓட்டுநருக்குக் காட்டுவது கைப்பேசியின் இருப்பிட வசதிதான். லம்பாக் மலை ஏறப் போனவர் வழி தவறினாலும் அது கைகொடுக்கும். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் பாலத்தைக் கடந்துவிட்டானா என்று அம்மா வாட்சாப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நாம் எங்கே போகிறோம், எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறோம் என்பதை இதே வசதி பிறருக்கும் சொல்லிவிடக்கூடும்.

செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. அது அனுப்பும் சமிக்ஞையைக் கொண்டு கைப்பேசிதான் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கை நாம் அனுமதி கொடுத்த செயலிகள் எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. கைப்பேசி எந்தக் கோபுரத்துடன் இணைந்திருக்கிறது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். கோபுரங்கள் நெருக்கமாக உள்ள நகரத்தில் அது ஓரளவு துல்லியமாகவும், தூரத்துக்கு ஒன்றாக உள்ள தோட்டப்புறத்தில் தோராயமாகவும் இருக்கும். இருப்பிட வசதியை அணைத்தாலும் இந்தப் பதிவு நிற்காது.

இந்தப் பதிவுதான் 2025 ஜூனில் நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்கான கைப்பேசித் தரவுகளை மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையம் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் கேட்டிருந்தது தெரியவந்ததும், பலர் கவலை தெரிவித்தனர். சுற்றுலா, தகவல் தொடர்புத் துறைகளின் புள்ளிவிவரங்களுக்காகவே இது கேட்கப்பட்டது, தனிநபரை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இல்லை என்று ஆணையம் விளக்கியது.

பெயரை நீக்கிவிட்டால் போதுமா? 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பிய நாடு ஒன்றில் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசித் தரவை ஆராய்ந்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கு விவரங்கள் கிடைத்தாலே, அவர்களில் 95 விழுக்காட்டினரின் பதிவை மற்றவர்களிடமிருந்து தனியே பிரித்தெடுக்க முடிந்தது. இரவில் தோட்ட வீடு, காலையில் வேலையிடம், மாலையில் சந்தை, வெள்ளிக்கிழமை கோயில்: எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் இந்த நான்கும் ஒரு பெயருக்குச் சமம்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. மத்திய, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது. கோவிட் காலத்தில் காப்பிக்கடை வாசலில்கூட மைசெஜாத்ராவில் பதிவு செய்துவிட்டுத்தான் உள்ளே போனோம். 2022 மே 1 முதல் அந்தக் கட்டாயம் நீங்கியது. எதற்காக, எதுவரை என்று தெரிந்தால் மக்கள் தரவு கொடுக்கத் தயங்குவதில்லை என்பதற்கு அந்த அனுபவமே சான்று. அரசு எந்தத் தரவைக் கேட்டாலும் அந்த இரு கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதில் சொல்வதுதான் முறை.

நம் கையில் இருப்பதை இன்றே செய்யலாம். கைப்பேசியின் அமைப்புகளில் இருப்பிட அனுமதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். கிரேப், வரைபடம் போன்றவற்றுக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற அனுமதி போதும். வானிலைச் செயலிக்குத் துல்லியமான இடம் தேவையில்லை. தோராயமான இடமே போதும். விளையாட்டு, டார்ச் லைட் செயலிகளுக்குப் பெரும்பாலும் எதுவுமே தேவையில்லை. வாட்சாப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று அளவோடு பகிரலாம்.

வீட்டுக்குள்ளும் இதே நியாயம்தான். பள்ளிப் பிள்ளையின் இடத்தைப் பெற்றோர் பார்ப்பது பாதுகாப்புக்காக. அதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டே செய்யலாம். மனைவிக்கோ, கணவனுக்கோ, வேலைக்குப் போகும் மகளுக்கோ தெரியாமல் அவர்களின் கைப்பேசியில் கண்காணிப்புச் செயலியைப் போட்டு வைப்பது அக்கறை ஆகாது. அது வேவு பார்ப்பது.