அடுத்தவர் வலி ஏன் உறைப்பதில்லை?

பௌர்ணமி கிரிவலம். அடி அண்ணாமலை அருகே, முன்னால் வெறுங்காலில் நடந்த பெரியவர் கூர்ங்கல்லை மிதித்து 'ஸ்ஸ்' என்றார். சட்டென்று என் கால்விரல்கள் மடங்கின. கல் குத்தியது அவருக்கு. சுருங்கியது என் பாதம்.

எப்படி? நமக்கு வலிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் சில, பிறர் வலியைக் கண்டாலும் தாமாக விழித்துக்கொள்ளும். சைக்கோபதி என்ற ஆளுமைக் கோளாறு உள்ளவர்களிடம் அந்த விழிப்பு மங்கல். 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இத்தகைய 18 குற்றவாளிகளுக்கு ஒரு கை இன்னொரு கையை அடிக்கும் காட்சிகளைக் காட்டினார்கள். சும்மா பார்த்தபோது மூளை அவ்வளவாக அசையவில்லை. 'அந்த வலியை உணர்ந்து பாருங்கள்' என்றதும் ஏறக்குறைய நம்முடையதைப் போலவே இயங்கியது! இரக்கம் செத்துவிடவில்லை, தானாக வருவதில்லை. என்னை உலுக்கியது இதுதான்.

ஆறு கொலைகளுக்காக 1995-ல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கர் போன்றவர்களை 'சைக்கோ' என்று சொல்லிவிடுகிறோம். ஒருவருக்கு சைக்கோபதி உண்டா என்பது செய்தி படித்து முடிவுகட்டும் விஷயமல்ல. உளவியலாளர் ராபர்ட் ஹேர் அதற்கென வகுத்த 20 அம்சங்களை வைத்து, பயிற்சி பெற்ற நிபுணர் நேரில் பேசி, பழைய பதிவுகளையும் அலசி, 40-க்கு மதிப்பெண் போடுவார். காதில் குரல் கேட்டுத் தவிக்கும் மனச்சிதைவு நோயாளியின் துன்பம் சைக்கோபதியிலிருந்து முற்றிலும் வேறு. தயவுசெய்து அவரை 'சைக்கோ' என்று அழைக்காதீர்கள்.