லினக்ஸ் கணினியில் வைஃபை பிரிண்டரை இணைப்பது எப்படி?

இ-சேவையில் விண்ணப்பித்த வருமானச் சான்றிதழ் வந்தாச்சு. நாளை கல்லூரியில் கொடுக்கணும்; வீட்டு பிரிண்டரில் எடுக்க முடியலையா? உங்கள் கணினியில் உபுண்டு லினக்ஸ் இருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

1. பிரிண்டரும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கணும்.

2. 'செட்டிங்ஸ்' சென்று, 'பிரிண்டர்ஸ்' பகுதியில் 'ஆட் பிரிண்டர்' அழுத்துங்கள். புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலேயே பட்டியலில் வந்துவிடும்.

3. வரலையா? பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவில் காட்டும் ஐபி எண்ணை அங்கே தட்டச்சு செய்யுங்கள்.

4. சான்றிதழுக்கு முன் ஒரு சோதனைப் பக்கம் எடுத்துப் பாருங்கள்.

நேற்று வரை ஓடிய பிரிண்டர் இன்று திடீரென்று கிடைக்கவில்லை என்றால், ரௌட்டர் அதற்கு வேறு ஐபி எண் கொடுத்திருக்கலாம். ரௌட்டர் செட்டிங்ஸில் ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

அதே வைஃபையில் இருந்தால், பல பிரிண்டர்களில் கைப்பேசியிலிருந்தும் நேரடியாக எடுக்கலாம்.