பனியில் இரண்டு சக்கர இயக்கப் பிக்கப் டிரக் ஓட்டுதல்

பிக்கப் டிரக் என்பது முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட இலகுரக வாகனம் ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் அன்றாடப் பயணத்துக்கும் இது பரவலாகப் பயன்படுகிறது. எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களில் இரண்டுக்கு மட்டும் செல்லும் வகை 'இரண்டு சக்கர இயக்கம்' எனப்படும். ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ ஆகியவற்றின் இவ்வகை வண்டிகளில் அந்த இரண்டும் பின்சக்கரங்களே. குளிர்காலத்தில் சாலையில் பனி படியும்போது இவ்வண்டிகளின் பின்பகுதி எளிதில் வழுக்குகிறது.

வழுக்குவதற்கான காரணம்

டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிமானம் இரண்டைப் பொறுத்தது: சக்கரத்தின் மேல் அழுத்தும் எடை, பரப்பின் உராய்வுக் குணகம். காய்ந்த தார்ச்சாலையில் இக்குணகம் சுமார் 0.7, இறுகிய பனியில் சுமார் 0.2, பனிக்கட்டியில் 0.1 அளவுக்குக் குறையும். எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்பக்கம் இருப்பதால், சரக்கு ஏற்றாத வண்டியில் பாதிக்கும் மேற்பட்ட எடை முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. வண்டியைத் தள்ள வேண்டிய பின்சக்கரங்களின் மேல் எடை குறைவு. அதனால் அவை நின்ற இடத்திலேயே சுழல்கின்றன.

டயரா, மணல் மூட்டையா?

தொட்டியில் மணல் மூட்டை ஏற்றுவது பனிப் பகுதிகளில் நெடுநாள் வழக்கம். அதன் பயனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். வெறும் வண்டியின் எடை 2,000 கிலோ, அதில் பின்சக்கரங்களின் பங்கு 840 கிலோ, அதாவது 42 விழுக்காடு என்று கொள்வோம். குணகம் 0.2 ஆனால், 100 மீட்டருக்கு ஏறத்தாழ 8.4 மீட்டர் உயரும் மேட்டில்தான் அது ஏற முடியும். பின் அச்சுக்கு நேர் மேலே 150 கிலோ மணல் வைத்தால் இது 9.2 மீட்டராகிறது. மணல் ஏற்றாமல், குளிர்கால டயர் மாட்டிக் குணகத்தை 0.3 ஆக்கினால் 12.6 மீட்டராகிறது. இரண்டும் சேர்ந்தால் 13.8 மீட்டர். ஆகவே டயரே முதல் தேவை. மணல் துணை மட்டுமே.

சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயர் கடுங்குளிரிலும் மென்மை குறையாத ரப்பரால் ஆனது; அதன் மேற்பரப்பில் நுண்ணிய வெட்டுகள் நிறைய உண்டு. மூன்று மலைமுகடுகளுக்குள் ஒரு பனித்துகள் வரைந்த குறி இதன் அடையாளம். நான்கு சக்கரங்களுக்கும் இதையே பொருத்த வேண்டும். பின்னால் மட்டும் மாட்டினால் வண்டி கிளம்பும். ஆனால் முன்சக்கரங்கள் திரும்பவும் நிற்கவும் தடுமாறும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பதிவான கார், பிக்கப் போன்ற வாகனங்கள் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயருடன் ஓட வேண்டும் என்பது சட்டம்.

சுமை வைக்கும் முறை

* சுமை பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். தொட்டியின் கடைக்கோடியில் வைத்தால் முன்பக்கம் இலேசாகி, ஸ்டீயரிங் பிடிமானம் குறையும்.
* மூட்டைகள் நகராதபடி பட்டையால் கட்ட வேண்டும், அல்லது மரச்சட்டத்துக்குள் அடக்க வேண்டும். மோதலின்போது கட்டாத மூட்டை முன்னோக்கிப் பாய்ந்து, உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்தாகும்.
* ஆட்களும் சரக்கும் சேர்ந்து, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சுமை வரம்பைத் தாண்டக் கூடாது.

நிறுத்தும் தூரம்

மணல் ஏற்றிய வண்டி நன்றாகக் கிளம்புவதால், நன்றாக நிற்கவும் செய்யும் என்று எண்ணுவது தவறு. எடை கூடும்போது உராய்வு கூடுவது போலவே, நிறுத்த வேண்டிய நிறையும் கூடுகிறது; ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்த பிறகு காய்ந்த சாலையில் சுமார் 14 மீட்டரில் நிற்கும் வண்டி, இறுகிய பனியில் 49 மீட்டரும் பனிக்கட்டியில் 98 மீட்டரும் ஓடும். அதே பனியில் வேகம் 30 கி.மீ. ஆனால் 18 மீட்டர் போதும். நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் இதே கணக்குதான். எல்லா வண்டிகளிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் உண்டு.

ஓட்டும் முறை

ஆக்சிலரேட்டர், பிரேக், ஸ்டீயரிங் மூன்றையும் மெதுவாக இயக்க வேண்டும். கையால் கியர் மாற்றும் வண்டியை இரண்டாம் கியரில் கிளப்பினால் சக்கரம் சுழல்வது குறையும். ஓடும்போது சட்டென்று கீழ் கியருக்கு மாற்றினால் பின்சக்கரங்கள் மட்டும் இழுபட்டு வால்பகுதி வீசும். வேகத்தைத் தானாகக் காக்கும் குரூஸ் கண்ட்ரோலைப் பயன்படுத்தக் கூடாது. பாலங்களின் அடியிலும் குளிர்காற்று வீசுவதால் அவை மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடும்.

பின்பகுதி வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி செல்ல வேண்டிய திசையை நோக்கியே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். வண்டி நேரானதும் ஸ்டீயரிங்கையும் உடனே நேராக்காவிட்டால், வால்பகுதி மறுபக்கம் வீசும்.

சிக்கிக்கொண்டால்

சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் அடியிலுள்ள பனி உருகி வழவழப்பாகும், குழியும் ஆழமாகும். சக்கரங்களைச் சுற்றிப் பனியை வாரிவிட்டு, மூட்டையிலுள்ள மணலைப் பின்சக்கரங்களின் முன்னும் பின்னும் தூவி மெதுவாக நகர்த்த வேண்டும். எனவே மண்வாரியையும் வண்டியில் வைத்திருப்பது நல்லது.

உதவிக்குக் காத்திருக்கும்போது, எஞ்சினை ஓடவிடும் முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். பனி கொட்டிக்கொண்டிருந்தால் அவ்வப்போது மீண்டும் பார்க்க வேண்டும். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமும் மணமும் இல்லாததால், உள்ளே இருப்பவர்கள் அறியாமலே உயிரிழக்க நேரிடும்.