டீ கூடாது, காதல் கூடாது, தனியாகப் போகக் கூடாது... மார்மன் மிஷனரிகளின் 2 வருட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகும் சாலையில் இருக்கிறது கட்டபெட்டு. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும், "வாங்க தம்பி, உட்காருங்க, டீ போடறேன்" என்பதுதான் முதல் வார்த்தை. வேண்டாம் என்றால் வீட்டுக்காரம்மாவின் முகம் லேசாக வாடிவிடும்.

ஒரு பேச்சுக்கு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த 18 வயதுப் பையன் ஒருவன் அந்த வாசலில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கருப்புப் பெயர்ப்பட்டை. அவன் மார்மன் மிஷனரி. அந்த டீயை அவன் தொட முடியாது. அவன் சபையில் டீ, காபி இரண்டுக்குமே தடை. அவனுக்கு இருக்கும் கட்டுப்பாடுகளில் இதுதான் இருப்பதிலேயே சின்னது.

கட்டபெட்டுக்கு மார்மன்கள் வந்த கதை இல்லை இது. ஆனால், வேறொரு சபையின் வெளிநாட்டு இளைஞர்கள் 170 வருடங்களுக்கு முன்பே இந்த மலைக்கு வந்து, ஊர் ஊராக நடந்திருக்கிறார்கள். அவர்களிடம் வருவதற்கு முன், மார்மன் மிஷனரி என்பவர் யார், அவரது ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம்.

யார் இந்த மார்மன்கள்?

1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. பைபிளோடு 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் வேதமாக ஏற்பவர்கள் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதிகாரப்பூர்வப் பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. உலகம் முழுவதும் 1.7 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள் இருப்பதாக சபை சொல்கிறது. கத்தோலிக்கம் உள்ளிட்ட பெரும்பாலான கிறிஸ்தவ சபைகள் இவர்களின் கொள்கையை ஏற்பதில்லை. அது தனிக் கதை.

இந்த சபையின் அடையாளமே இளம் மிஷனரிகள்தான். எந்த நேரத்திலும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உலகின் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு இரண்டு பேராக நடந்துகொண்டிருப்பார்கள். ஆண்களுக்கு 2 வருடம், பெண்களுக்கு 18 மாதம். சேரும் வயது 2012-ல் ஆண்களுக்கு 19-லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டது. சம்பளம் கிடையாது. மாதா மாதம் ஆகும் செலவுக்கான பணத்தை அந்த இளைஞரோ குடும்பமோதான் கட்ட வேண்டும். பல வீடுகளில் சின்ன வயதிலிருந்தே இதற்கென்று உண்டியல் சேர்ப்பார்கள்.

எந்த ஊர் என்று யார் முடிவு செய்வது?

அவர் இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரேசிலா, ஜப்பானா, பக்கத்து மாநிலமா என்பதைத் தலைமையகம் சொல்லும். முன்பெல்லாம் பெரிய வெள்ளைக் கவரில் கடிதம் வரும். குடும்பம், நண்பர்கள் எல்லாரும் கூடியிருக்க அதைப் பிரிப்பது ஒரு விசேஷம் மாதிரி. 2018-ல் இது ஆன்லைனுக்கு மாறிவிட்டது.

பிறகு பயிற்சி. யூட்டாவின் புரோவோ நகரில் இருப்பதுதான் மிகப் பெரிய பயிற்சி மையம். புது மொழி தேவைப்படுபவர்களுக்குச் சில வாரம் கூடுதலாக மொழி வகுப்பு. ஆறு, ஏழு வாரத்தில் ஒரு மொழியை எவ்வளவு படித்துவிட முடியும்? மீதியைத் தெருவில்தான் கற்க வேண்டும். கடைக்காரர் சிரிப்பார், குழந்தைகள் திருத்துவார்கள்.

காலை 6.30 முதல் இரவு 10.30 வரை

பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்ட அட்டவணை இதுதான். காலை 6.30-க்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளியல், சாப்பாடு. பிறகு தனியாக வேத வாசிப்பு, அதன்பின் ஜோடியாகப் படிப்பு, மொழிப் பயிற்சி. 10 மணி வாக்கில் வெளியே கிளம்பினால், இரவு 9 அல்லது 9.30-க்குத் திரும்ப வேண்டும். 10.30-க்கு விளக்கு அணைய வேண்டும். 2017-ல் அந்தந்த நாட்டுக்கு ஏற்ப நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள்.

வாரத்தில் ஒரு நாள் 'தயாரிப்பு நாள்'. லீவு நாள் என்று நினைத்துவிட வேண்டாம். துணி துவைப்பது, முடி வெட்டுவது, மளிகை வாங்குவது எல்லாம் அன்றைக்குத்தான். மிச்ச நேரத்தில் கொஞ்சம் ஊர் சுற்றலாம்.

டேட்டிங் கிடையாது. சினிமா, டிவி கிடையாது. நீச்சல்கூடக் கிடையாது. முதல் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் இல்லை. ஆண் என்றால் 'எல்டர்', பெண் என்றால் 'சிஸ்டர்', கூடவே குடும்பப் பெயர். 18 வயதுப் பையனை 'மூப்பர்' என்று அழைப்பது நம் காதுக்கு வேடிக்கையாக இருக்கும்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது, கூட இருக்கும் ஜோடிதான். ஒவ்வொரு மிஷனரிக்கும் ஒரு கூட்டாளி ஒதுக்கப்படுவார். தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. குளியலறை தவிர மற்ற நேரமெல்லாம் ஒருவர் இன்னொருவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் குறட்டை விடுவார், சமைக்கத் தெரியாது, கோபக்காரர் என்றாலும் பொறுத்துத்தான் ஆக வேண்டும். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். அப்போது ஜோடி மாறலாம், மாறாமலும் போகலாம். பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு என்கிறது சபை. ஒருவரை ஒருவர் கண்காணிக்கவும் இது உதவுகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டீ ஏன் கூடாது?

1833-ல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் வெளிப்பாட்டில் மது, புகையிலையோடு 'சூடான பானங்களும்' விலக்கப்பட்டன. சூடான பானம் என்றால் டீயும் காபியும் என்று சபை விளக்கம் கொடுத்தது. கிரீன் டீ, ஐஸ் டீ என்று சிலர் சந்து தேடியதும், 2019-ல் அதுவும் டீதான் என்று சொல்லிவிட்டார்கள். மூலிகைக் கஷாயத்துக்குத் தடை இல்லை. அதாவது காபித்தூள் போடாத சுக்குத் தண்ணி குடிக்கலாம். கட்டபெட்டு வீட்டில் அந்தப் பையன் தப்பிக்க அதுதான் ஒரே வழி.

வீட்டுக்கு போன் பேசலாமா?

2019 பிப்ரவரி வரை வருடத்துக்கு இரண்டே முறைதான். கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை, அன்னையர் தினத்துக்கு ஒருமுறை. மற்ற நாளெல்லாம் வாரம் ஒரு மின்னஞ்சல். பாட்டி இறந்தாலும், தங்கைக்குக் கல்யாணம் என்றாலும் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்புவதில்லை. 2019-க்குப் பிறகு வாரம் ஒருமுறை குடும்பத்தோடு போனிலும் வீடியோவிலும் பேசலாம் என்று விதி தளர்ந்தது. நம் ஊர் ஹாஸ்டல் பசங்க தினமும் அம்மாவுக்கு வீடியோ கால் போடும் காலத்தில் இது பெரிய சலுகையாகத் தெரியாது. அங்கே பல அம்மாக்களுக்கு அது பெரிய செய்தி.

ஊர் ஏக்கத்தால், மன அழுத்தத்தால், உடல்நலக் குறைவால் பாதியில் திரும்புபவர்களும் உண்டு. யாரும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை என்பது உண்மைதான். ஆனால், பாதியில் வந்தவரை ஊரும் உறவும் பார்க்கும் பார்வை வேறு. "ஏன் சீக்கிரம் வந்துட்ட?" என்ற கேள்வி அவரை வருடக்கணக்கில் துரத்தும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, வெளிநாடுகளில் இருந்த மிஷனரிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்த ஒருமுறைதான் யாரும் யாரையும் காரணம் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார்கள், அதுவும் 1853-லேயே. 1852 ஆகஸ்ட்டில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த சிறப்பு மாநாட்டில் இந்தியாவுக்கும் சயாமுக்கும் ஆட்கள் அறிவிக்கப்பட்டார்கள். 13 பேர் சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறி, 1853 ஏப்ரலில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அதில் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் ஆகியோர் மதராஸுக்கு வந்தார்கள். அவர்கள் 18 வயதுப் பையன்கள் இல்லை. பாலன்டைனுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தது, மனைவியை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் காசில்லாமல், கிடைக்கும் உதவியை வைத்தே ஊழியம் செய்வது அந்தக் கால வழக்கம்.

வேலை நடக்கவில்லை. அவர்களை அனுப்பிய அதே மாநாட்டில்தான், சபையில் பலதார மணம் உண்டு என்பதும் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. மதராஸில் இருந்த ஐரோப்பியர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஒரு சிலர் மட்டும் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1854-ல் பாலன்டைன் கிளம்பினார். அடுத்த ஓரிரு வருடத்தில் இந்திய ஊழியமே முடிந்தது.

மறுபடி தொடங்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. இந்த முறை தொடக்கம், நீலகிரியின் அடிவாரத்தில் இருக்கும் கோயம்புத்தூரில். எஸ்.பால் திருத்துவதாஸ் என்பவர் சபையின் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டுத் தானாகவே சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதினார். 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1993-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவுக்கென மிஷன் அமைந்தது. இந்தியாவின் முதல் மார்மன் ஆலயத்தை பெங்களூரில் கட்டப்போவதாக 2018-ல் அறிவித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மதத்தைப் பரப்பும் உரிமை அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவில் இருக்கிறது. ஆனால், அது மற்றொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவர் மதப் பிரச்சாரம் செய்ய அனுமதி இல்லை. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது.

கட்டபெட்டு பக்கம் நடந்தவர்கள் யார்?

இப்போது மலைக்கு வருவோம். 1815-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கிய பாசல் மிஷன், 1846-ல் ஊட்டி அருகே கேத்தியில் கிளை அமைத்தது. அதற்கு இடமும் பணமும் கொடுத்து உதவியவர், மதராஸ் அரசுப் பணியில் இருந்த காசமேஜர் என்ற ஆங்கிலேயர். 1867-ல் கோத்தகிரியில் அடுத்த கிளை. கேத்திக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருக்கும் மலைப் பகுதியில்தான் இன்றைய கட்டபெட்டு இருக்கிறது.

வந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் பேசும் இளைஞர்கள். கட்டுப்பாடுகளைக் கேட்டால் மார்மன் விதிகள் பரவாயில்லை என்று தோன்றும். திருமணம் ஆகாமல்தான் அனுப்பப்படுவார்கள். குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்த பிறகே கல்யாணத்துக்கு அனுமதி கேட்கலாம். பெண் யார் என்பதற்கு பாசலில் இருக்கும் கமிட்டி சம்மதிக்க வேண்டும். பிறகு மணமகள் கப்பலில் வருவார். துறைமுகத்தில் இறங்கும் நாளில்தான் பல ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலில் பார்த்தார்கள். சூயஸ் கால்வாய் திறக்காத காலம். வீட்டுக் கடிதம் வந்து சேரவே மாதங்கள் ஆகும்.

இவர்களில் முக்கியமானவர் ஜே.எஃப்.மெட்ஸ். படுக மொழி கற்று, படுகர் ஊர்களுக்கெல்லாம் நடந்தே போனவர். மார்மன் மிஷனரி மாதிரி 2 வருடத்தில் கிளம்பிவிடவில்லை, பல வருடங்கள் இந்த மலையிலேயே இருந்தார். தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 1864-ல் மங்களூரில் அச்சானது. அதற்குப் பிறகு நீலகிரி மக்களைப் பற்றி எழுதியவர்கள் பலரும் அதைப் புரட்டியிருக்கிறார்கள். அவர் சேகரித்து அனுப்பிய நீலகிரிச் செடிகள் இன்னும் ஐரோப்பியத் தாவரச் சேகரிப்புகளில் இருக்கின்றன.

ஆனால், அவரை அனுப்பியவர்கள் எதிர்பார்த்தது செடியை அல்ல. மிஷன் தொடங்கி முதல் படுகர் ஞானஸ்நானம் பெறவே 10 வருடங்களுக்கு மேல் ஆனது. அதன் பிறகும் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறியது. காரணம் புரியாதது இல்லை. படுகர் வாழ்க்கையில் ஊர், குலம், நிலம், சடங்கு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒருவர் மதம் மாறினால் கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் அவருக்கான இடம் போய்விடும். ஊர் விலக்கத்துக்கு ஆளான ஆரம்ப காலக் குடும்பங்கள் மிஷன் வளாகத்தை ஒட்டித்தான் வாழ வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து வரும் இளைஞரின் கஷ்டத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு, திரும்பிப் போக வீடும் உண்டு. சரி என்று தலையாட்டியவருக்கு அந்த வசதி இல்லை. மிஷனரி வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதே இல்லை.

1890-ல் பாசல் மிஷன் மங்களூர் அச்சகத்தில் இயேசுவின் வரலாற்றைச் சொல்லும் நூல் ஒன்று படுக மொழியில், கன்னட எழுத்தில் வெளியானது. படுக மொழியில் அச்சான முதல் புத்தகமாக அதைத்தான் சொல்கிறார்கள். 1914-ல் முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன் மிஷனரிகள் எதிரி நாட்டவர் ஆனார்கள். பிரிட்டிஷ் அரசு அவர்களைத் தடுப்பு முகாம்களில் அடைத்தது. மலையில் அவர்கள் நடத்திவந்த வேலை வேறு கைகளுக்கு மாறியது.

கேத்தியிலும் கோத்தகிரியிலும் இன்றும் தேவாலயங்கள் இருக்கின்றன. படுகர்களில் பெரும்பாலானோர் ஒவ்வொரு மார்கழி, தை வாக்கில் வெள்ளை உடுத்தி ஹெத்தையம்மன் திருவிழாவுக்குத்தான் போகிறார்கள்.